வலைத் தட்டிக்காக மாமல்லபுரம் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஷிப்டு ஆட்கள் ஒன்பது பேர் சேர்ந்து செய்த ஒரு வேலைக்கு, அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். தவறு என்று நேரில் போய்ச் சொன்ன பிறகும் மாற்றவில்லை. நடந்த அநியாயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் போனது 1977 பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிற்பம் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஆலை மேனேஜரைப் பார்க்கப் போனேன். அதனால் வழி, நேரம், காசு எல்லாம் சரியாகச் சொல்வேன். நடுநடுவே சண்டையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். செங்கல்பட்டுக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டரில் இருந்த ஓர் அட்டை ஆலையில் எண்ணெய் போடுகிறவனாகச் சேர்ந்தேன். மெஷினோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்து, நானாகவே மெஷின் ஆள் ஆனேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் மேனேஜர் என்னைப் பார்த்து "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்பார், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அட்டை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய காகிதத்தையும் வைக்கோலையும் தண்ணீரில் போட்டு அரைத்துக் கூழாக்குவார்கள். கூழ் பித்தளைக் கம்பி வலை மேல் ஓடும். மேலே தங்குவது அட்டையாகும். கீழே வடிகிற தண்ணீரில் மெல்லிய நார் கலந்திருக்கும், பார்க்கப் பால் மாதிரி இருக்கும். எங்கள் ஆலையில் அந்த வெள்ளைத் தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாக ஓடைக்குப் போனது. முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அதே ஓடைக்கரையில் ஏழுமலையின் காலனி. கோடை வந்தால் அந்தச் சனங்கள் ஓடை மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைத்தான் மொண்டு குடிப்பார்கள். ஆலைத் தண்ணீர் இறங்கினால் குழியின் மேல் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று படியும். மூன்றாம் நாள் நாறும்.

ஏழுமலை என் கூட்டாளி. கூழ்த் தொட்டியில் வேலை. அவன் மனைவி ராசாத்தி அதே ஆலையில் தினக்கூலி. வெளிமுற்றத்தில் உட்கார்ந்து குப்பைக் காகிதம் பிரிக்கிற பெண்களில் ஒருத்தி.

அந்த வருடத் தொடக்கத்தில் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறுகளையும் குளங்களையும் கெடுக்கக் கூடாது என்று சட்டம் வந்து சில வருடம் ஆகியிருந்தது. அவர் அதை மனதார நம்பியவர். எல்லோரையும் கூட்டி நிறுத்தி, "தண்ணீரை மிச்சப்படுத்துங்கள், கழிவைக் குறையுங்கள், புதிதாக யோசியுங்கள், பரிசு தருகிறேன்" என்றார். டைம் ஆபீஸ் வாசலில் பச்சை பெயிண்ட் அடித்த யோசனைப் பெட்டி ஒன்றை மாட்டினார். எனக்குத் தெரிந்து ஒரு முதலாளியின் ஆள், தொழிலாளியைப் பார்த்து "யோசி" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி கேன்டீனில் இதே பேச்சுத்தான். எங்களுக்கு அப்படி ஒரு உற்சாகம்.

கிழிந்து போன பழைய கம்பி வலையை எடைக்குப் போட வைத்திருந்தார்கள். அதில் நல்ல பாகத்தை வெட்டி, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்சுவருக்கு வெளியே சாய்வாக நிறுத்தினோம். வெள்ளைத் தண்ணீரை அதன் மேல் விட்டால் நார் தங்கிச் சறுக்கி ஒரு பக்கம் விழும். தெளிந்த தண்ணீர் கீழே குழியில் இறங்கும். அதைப் பழைய பம்பு ஒன்றால் மறுபடி கூழ்த் தொட்டிக்கே ஏற்றினோம். ஓடைக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு இருந்து, பதினேழு நாள் வேலை. ஒன்பது பேர். இதற்கு நாங்கள் வைத்த பேர் 'தட்டி'. ஒரே ஒரு தொல்லை: அரைமணிக்கு ஒரு தடவை யாராவது மூங்கில் சிம்பால் வலையைத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு, வழிந்து, எல்லாம் ஓடைக்கே போகும். அதற்கென்று ஆள் கிடையாது. நாங்களாகவே முறை போட்டுக்கொண்டோம்.

பிறகு பெட்டியில் சீட்டுப் போட்டோம். இங்கேதான் தப்பு செய்தோம்.

எங்கள் ஆலையில் லீவு கேட்டு எழுதினாலும், முன்பணம் கேட்டு எழுதினாலும், முதல் வரியில் 'மேஸ்திரி மூலம்' என்று அவர் பெயரைப் போட வேண்டும். போடாத கடிதம் திரும்பி வந்துவிடும். பழக்க தோஷம். சீட்டில் 'அனுப்புபவர்' என்று ஒரு வரிதான் இருந்தது. ஒன்பது பெயர் அதில் அடங்காது. ஒருவன் பெயரை மட்டும் போடவும் யாருக்கும் தைரியமில்லை. முந்தின வருடம் கேன்டீன் புகாரில் தனியாகப் பெயர் போட்டவனை லாரி ஏற்றுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே, 'மேஸ்திரி திரு. தாமோதரன் மூலம், பி ஷிப்டு' என்று எழுதிப் போட்டோம். எழுதியது என் கைதான்.

ஆபீசில் மேஸ்திரியின் யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள். தாமோதரன் அச்சரப்பாக்கத்துக்காரர். நாங்கள் தட்டி கட்டிய நாட்களில் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். அவருக்குக் கைக்கடிகாரம் பரிசு. பலகையில் பெயர். அந்த வார ஞாயிறு அன்று அதிகாரிகளோடு குடும்பத்துடன் ஆலை வேனில் மாமல்லபுரம். பரிசு கொடுத்த மேடையில் அவர் வாயைத் திறந்து "நானில்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பரிசு கொடுத்த மறுநாளிலிருந்து பி ஷிப்டில் யாரும் மூங்கில் சிம்பைத் தொடவில்லை. பலகையில் பேர் இருக்கிறவன் வந்து தேய்க்கட்டும் என்று சொன்னது நான்தான். தட்டி அடைத்தது. தண்ணீர் வழிந்தது. ஆறாம் நாள் மேனேஜர், மாதக் கடைசிக்குள் அதைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார். காலனிக் குழியில் மறுபடி ஆடை படிய ஆரம்பித்தது.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஷிப்டு மாறுகிற நேரத்தில் மேனேஜர் மெஷின் முன்னால் நின்று, இது பி ஷிப்டு ஒன்பது பேர் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த நிமிடம் தட்டி ஓடும். ஆபீஸ் அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். மாமல்லபுரத்தில் கதவு கிடையாது. அதனால் கிளம்பினோம்: நான், ஏழுமலை, ராசாத்தி.

காலை ஐந்தரைக்கு ஆலை வாசலிலிருந்து நடை. ஜி.எஸ்.டி. சாலையில் நான்கு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் டீ இருபது காசு. ஆறு நாற்பதுக்கு மாமல்லபுரம் பஸ். டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. தூரம் ஏறக்குறைய இருபத்தொன்பது கிலோமீட்டர்.

இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வலது பக்கம் என்பேன். காலை வெயில் அடிக்காது, ஏரிகள் அந்தப் பக்கம்தான் நிறையத் தெரிந்தன. அப்போது சாலை ஒரு பஸ் அகலம்தான். எதிரே மாட்டு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். எங்கள் டிரைவர் இறங்காத ஜாதி. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம். புளிய மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நின்றன. பஸ்சுக்குள் சீமெண்ணெய், மல்லிகை, நேற்றைய மீன் கூடை எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கு எந்தக் குளிர்சாதன வண்டியில் ஏறினாலும் அந்த வாசனை இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது.

ஏழு இருபதுக்குத் திருக்கழுக்குன்றம். பஸ் பத்து நிமிடம் நிற்கும். மலையில் கழுகு வருவதைப் பார்க்க வேண்டுமானால் இங்கே இறங்கி மதியம் வரை காத்திருக்க வேண்டும் என்று கண்டக்டர் சத்தம் போட்டார். ராசாத்தி ஜன்னல் வழியாக மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இறங்கலாமா?" என்று கேட்டேன்.

"கயுகு வர்றப்ப வரட்டும்ணா. நம்ம மேனேஜரு பறந்துட்டா இன்னா பண்றது?" என்றாள்.

எட்டு ஐந்துக்கு மாமல்லபுரம். அன்று அது சின்ன ஊர். பஸ் நிற்கிற இடத்திலிருந்தே உளிச் சத்தம் கேட்கும். நாஸ்தா: இரண்டு இட்லி முப்பது காசு, சாம்பார் எவ்வளவு கேட்டாலும் ஊற்றினார்கள். ஏழுமலை மூன்று தடவை கேட்டான். வேனைத் தேடிப் போகிற வழியில் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்தோம். யானைகள் இருக்கிற அந்தப் பாறைதான். காசு எதுவும் வாங்கவில்லை, கம்பி வேலியும் இல்லை. ஒரு ஓரம் செதுக்காமல் அப்படியே விட்டிருந்தது.

"ஏன் மச்சான் பாதில வுட்டுட்டானுங்க?" என்றான் ஏழுமலை.

"யாருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். இவனுங்களுக்கும் ஒரு தாமோதரன் இருந்திருப்பான்."

ராசாத்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "கோயிலாண்ட வந்து இன்னா பேச்சு பேசுது பாரு."

ஐந்து ரதம் பஸ் நிலையத்திலிருந்து தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டர், சவுக்குத் தோப்பு வழியாக மணலில் நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தோப்பில் ஆலை வேன் நின்றது. டிரைவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியோடு எழுந்தார்.

"இன்னாப்பா, நீங்க எங்க இங்க? உங்க பேரு லிஸ்ட்ல இல்லியே."

"எந்த லிஸ்ட்லயும் இல்ல. அதுக்குத்தான் வந்தோம்," என்றேன்.

"காலங்காத்தால பேஜாரு பண்ணாத. ஐயா குடும்பத்தோட வந்துகிறாரு."

"எங்க போயிருக்காரு?"

அவர் கரண்டியால் வடக்கே காட்டினார். "கரகோயிலு தாண்டி. வல இழுக்கறாங்கோன்னு போட்டோ புடிக்க இட்டுகினு போனாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

மறுபடி இரண்டு கிலோமீட்டர் வடக்கே. வெயில் ஏறிவிட்டது. கடற்கரைக் கோயிலைத் தாண்டினால் மீனவர் குப்பம். பத்து மணி இருக்கும். பெரிய வலையைக் கடலில் சுற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். கடைசியில் நிற்கிறவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி, தண்ணீரில் இறங்கி, மறுபடி பிடிப்பார். ஒரு சக்கரம் மாதிரி ஆட்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வலை வரவே வராது போலத் தோன்றும். ஆனால் வந்துகொண்டிருக்கும்.

தெற்குக் கயிற்றின் நடுவில் தாமோதரன் நின்றார். வேட்டியை மடித்துக்கட்டி, பரிசுக் கடிகாரம் வெயிலில் மின்ன, கயிற்றைப் பிடித்துச் சிரித்தார். மேனேஜர் கேமராவில் ஒரு கண்ணை வைத்திருந்தார். அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நேரே மேனேஜரிடம் போய் வணக்கம் சொன்னேன். "சார், தட்டி விஷயமா ஒரு வார்த்தை."

அவர் கேமராவை இறக்கினார். "கோதண்டமா? இங்கேயா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு ஆபீசுக்கு வா."

"ஆபீசுல உள்ள விட மாட்டாங்க சார். நாலு தடவை வந்தேன்."

அதற்குள் கயிற்றுக்கு நடுவே நாங்கள் நிற்பதைப் பார்த்து, வலைக்காரர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், கத்தினார்: "நைனா! பேசறவன் அப்பால போ! நிக்கறவன் கவுத்த புடி! நடுவுல நின்னுகினு இன்னா வேடிக்க?"

எனக்கு அப்பால் போக மனமில்லை. பிடித்தேன். ஏழுமலையும் பிடித்தான். தென்னை நார்க் கயிறு. உப்புத் தண்ணீரில் ஊறி, உள்ளங்கையை ரம்பம் மாதிரி அறுக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தோம். பதினைந்து தடவையாவது முன்னால் ஓடிப் பிடித்திருப்பேன். மேனேஜர் மூன்று போட்டோ எடுத்ததும் தாமோதரன் கயிற்றை விட்டுவிட்டு, குடை நிழலில் போய் இளநீர் குடித்தார். ராசாத்தி கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்களோடு சேர்ந்துகொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலை கரை ஏறியது. பெரிய மீன் அதிகமில்லை. காரப்பொடி மீனும் நெத்திலியுமாக வெள்ளி கொட்டின மாதிரி கிடந்தது. வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மீசைக்காரர் மணலில் சின்னச் சின்னக் குவியலாக வைத்தார். யார் ஊர்க்காரன், யார் வெளியூர் என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தர் உள்ளங்கையையும் பார்த்தார், ஒரு குவியலைக் காட்டினார். என் கையையும் பார்த்தார். "எட்த்துக்க," என்றார்.

தாமோதரன் விளையாட்டாகக் கையை நீட்டினார். "எனக்கு இல்லியா பெரியவரே? நானும்தான் புடிச்சேன்."

மீசைக்காரர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "கடிகாரம் சோக்கா கீது. போட்டோவுக்குப் புடிச்ச கைக்கி மீனு இல்ல நைனா. போட்டோவ துன்னு."

குப்பமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார்.

"சார், தட்டியும் இதே மாதிரிதான்," என்றேன். "பதினேழு நாள், ஒன்பது பேர் இழுத்தோம். மேஸ்திரி அப்ப அச்சரப்பாக்கத்துல இருந்தாரு."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா தாமோதரன்?"

தாமோதரன் மணலைப் பார்த்தார். "ரூல்படி என் மூலமாத்தான் சார் வந்துச்சு. சீட்டுல என் பேருதான் கீது. அவனே எய்தினது."

அது உண்மை. என் கையெழுத்துத்தான்.

"உனக்கு வலை, சாய்வு, பம்பு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மேனேஜர் கேட்டார். கையேட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கேமராவை உறையில் போட்டு மூடினார். பிறகு தணிந்த குரலில், "நான் நம்புகிறேன், கோதண்டம். ஆனால் பலகை எழுதியாகிவிட்டது. ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போய்விட்டது. இப்போது மாற்றினால் நாளைக்கு யோசனைப் பெட்டியையே யாரும் மதிக்க மாட்டார்கள். உனக்குத் தனியாகப் பாராட்டுக் கடிதம் தருகிறேன்" என்றார்.

"தனியா வேணாம் சார். ஷிப்டு முன்னால ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அது முடியாது."

"அப்ப தட்டி?"

"தேய்க்க ஆள் இல்லாத தட்டி எனக்கு எதற்கு? வழிந்து சுவரை அரிக்கிறது. மாதக் கடைசியில் எடுத்துவிடுவோம்."

அப்போதுதான் ராசாத்தி குறுக்கே வந்தாள். "சார், நாங்க தேச்சா வெச்சிக்குவீங்களா?"

"நீ யாரம்மா?"

"குப்ப காயிதம் பிரிக்கிற செட்டு. ஓடயாண்டதான் எங்க வூடு."

"மெஷின் ஹாலில் பெண்கள் வேலை செய்ய ரூல் இடம் தராதம்மா."

"தட்டி ஹாலுக்குள்ள இல்ல சார். சொவுத்துக்கு வெளிய கீது."

அதற்குள் ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதது. எல்லோரும் தோப்புப் பக்கம் நடந்தார்கள். எனக்கு மேனேஜர் மேல் இருந்ததைவிட ராசாத்தி மேல்தான் அப்போது கோபம்.

மூன்று பத்துக்குத் திரும்பும் பஸ். பனை ஓலையில் கட்டிய மீனைப் பார்த்து, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு எடுக்கணும்," என்றார் கண்டக்டர். ஏழுமலை, "மோந்து பாத்ததுக்கு நீ டப்பு குடு," என்றான். பஸ் சிரித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"தேய்க்கிறேன்னு ஏம்மா சொன்ன? நாம தேய்க்காம இருக்கிறதாலதானே அந்த ஆளு நம்மகிட்ட பேசினாரு. அதையும் விட்டுட்டா நம்ம கைல என்ன இருக்கு?"

"அண்ணா, உனக்குப் பேரு வோணும். எனக்குத் தண்ணி வோணும். ரெண்டும் ஒண்ணு இல்ல," என்றாள்.

"பேரு எனக்கு இல்ல. ஒன்பது பேருக்கு."

"ஒம்போது பேருல ஓடத் தண்ணி குடிக்கறது எத்தினி பேரு? இந்த ஆளு ஒருத்தரு." ஏழுமலையைக் காட்டினாள். "அதுவும் உன்கூட சேந்துகினு கைய கட்டிகினு நிக்குது. சின்னதுக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது. அத்த உன்கிட்ட சொல்லிச்சா?"

ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்டிருக்கவுமில்லை. நான்கு நாற்பதுக்குச் செங்கல்பட்டில் இறங்கி, வீடு வரை மூன்று பேரும் தனித்தனியாக நடந்தோம்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராசாத்தியும் இன்னும் மூன்று பெண்களும் பின்சுவருக்கு வெளியே வந்தார்கள். மூங்கில் சிம்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டார்கள். மடியிலிருந்து தேங்காய் நாரை எடுத்தார்கள், பாத்திரம் தேய்க்கிற நார்தான். வலையின் பின்பக்கத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை வீசி அடித்து, முன்பக்கம் நாரால் ஒரு இழுப்பு. அடைத்திருந்தது மொத்தமும் கழன்று விழுந்தது. எங்கள் மூங்கில் வலைக் கண்ணைக் கிழித்துக்கொண்டிருந்தது என்பதும், காகித நாரை அதற்குள்ளேயே அழுத்திக்கொண்டிருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அரைமணிக்கு ஒரு தடவை தேய்த்த தட்டி, அவர்கள் கையில் இரண்டு மணி நேரம் தாங்கியது. டீ நேரம், சாப்பாட்டு நேரம், வேலை முடிகிற நேரம் என்று அவர்கள் ஓய்வைக் கொடுத்துத் தேய்த்தார்கள். நான்காம் நாள் ராத்திரி ஏழுமலை தொட்டான். பிறகு ஒவ்வொருவராக. ஆறாம் நாள் நானும் நாரை எடுத்தேன். கோபம் தீர்ந்து எடுக்கவில்லை, இன்றுவரை தீரவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் பின்பக்கம் வந்து நின்று பார்த்தார். தட்டியைப் பிடுங்கும் உத்தரவு அப்படியே நின்றுபோனது. ஆலை மூடும் வரை தட்டி ஓடியது. அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் காலனிக் குழியில் ஆடை படியவில்லை.

அந்தப் பெண்கள் யாரும் யோசனைப் பெட்டியில் சீட்டுப் போடவில்லை. தினக்கூலிக்குப் பெட்டி கிடையாது என்பது ரூல்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஒருவர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். ஆலை முதலாளியின் வாரிசுகள் வேறோர் இடத்தில் நடத்துகிற தொழிற்சாலை. அதன் வரவேற்பறையில் அந்தப் பழைய பலகை மெருகு போட்டு மாட்டியிருக்கிறது. கீழே புதிதாக ஒரு வரி: 'சுற்றுச்சூழலில் எங்கள் பாரம்பரியம்'. தாமோதரன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு இனி ஒன்றுமில்லை. ஆனால் பலகை உயிரோடு இருக்கிறது.

ஆகவே, ஆக வேண்டியதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

இந்த வழியில் பயணம் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன் செங்கல்பட்டில் பஸ் ஏறிவிட வேண்டும். கட்டணமும் நேரமும் இப்போது வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். பாட்டிலைத் தோப்பில் எறியாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். குப்பத்தில் வலை இழுப்பதைப் பார்த்தால், கேட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். பிடித்தால் வலை ஏறும் வரை விடாதீர்கள்.

தொழிற்சாலை நடத்துகிறவர்கள் தண்ணீரைக் காப்பாற்றச் சொல்லித் தொழிலாளியிடம் பேசுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, யார் குடிக்கிறார்கள் என்று ஓடையோடு ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். யோசனைப் பெட்டி வைத்தால் தினக்கூலிக்கும் வைக்க வேண்டும். சீட்டில் ஒரு வரி போதாது, இருபது பெயருக்கு இடம் விட வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதி, அவருக்கே படித்துக் காட்ட வேண்டும்.

மேஸ்திரிகள், சூப்பர்வைசர்கள், டீம் லீடர்கள், இப்போது என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ அவர்கள், மேடையில் தங்கள் பெயர் தவறாக வாசிக்கப்பட்டால் அந்த இடத்திலேயே வாயைத் திறக்க வேண்டும். மறுநாள் திறப்பது கஷ்டம்.

முதலாளியின் வாரிசுகள் அந்தப் பலகையைக் கழற்றித் திருத்தி மாட்ட வேண்டும். முதலில் நான்கு பெண்களின் பெயர், பிறகு பி ஷிப்டு ஒன்பது பேர். பட்டியல் என்னிடம் இருக்கிறது. இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், மூன்றாவதும் எழுதுவேன்.

நான், கோதண்டம், ஏழுமலையின் வீட்டுக்குப் போய் தட்டியைத் தொடாமல் நின்ற அந்த நாட்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் மேனேஜரிடம் கேட்டதும் ஒரு வார்த்தைதான். இன்னும் சொல்லவில்லை.

ராசாத்தி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் செய்து முடித்துவிட்டாள்.